சப்ளை கப்பல் பங்குகளில் 40,000 வெள்ளி போடலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் ஒரு ஷிப்யார்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 38, இரண்டு பிள்ளைகள். கடலில் இருக்கும் எண்ணெய் ரிக்குகளுக்குச் சாமான் ஏற்றிப்போகும் சப்ளை கப்பல்களுக்கு நல்ல வாடகை கிடைக்கிறது என்று யார்டில் பேசிக்கொள்கிறார்கள். என் சேமிப்பு 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதில் 40,000 வெள்ளியை, இந்த மாதிரிக் கப்பல்களை வாடகைக்கு விடும் அமெரிக்கக் கம்பெனியான டைட்வாட்டர் மாதிரியான பங்குகளில் போடலாமா? பி.இ. விகிதமும் (பங்கின் விலை, ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது) குறைவாகத்தான் இருக்கிறது.

பதில்: 40,000 வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த பி.இ. விஷயம். ஒரு சப்ளை கப்பலுக்கு மாலுமிகள் சம்பளம், காப்பீடு, பராமரிப்பு என்று நாளுக்கு 9,000 டாலர் செலவு என்று வைத்துக்கொள்வோம். நாள் வாடகை 10,000 என்றால் மிச்சம் 1,000. வாடகை 20,000 ஆனால் மிச்சம் 11,000. வாடகை இரண்டு மடங்கு, லாபமோ பதினொரு மடங்கு! வாடகை 8,000க்கு இறங்கினால் தினமும் கைக்காசு போடவேண்டும். ஆகவே லாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான் இந்தப் பங்குகளின் பி.இ. குறைவாகத் தெரியும். மற்ற துறைகளில் மலிவு என்று பார்க்கும் கணக்கு இங்கே உதவாது.

அப்புறம் கடன். எண்ணெய் விலை விழுந்தால் ரிக்குகளுக்கு வேலை குறையும், கப்பல் வாடகையும் விழும்; வாங்கிய கடன் மட்டும் அப்படியே நிற்கும். 2014 ஜூனில் ஒரு பீப்பாய் 115 டாலர் வரை போன பிரென்ட் எண்ணெய் 2016 ஜனவரியில் 30க்கும் கீழே வந்தது. உங்கள் ஊரிலேயே 2016 ஜூலையில் கடல் எண்ணெய்ச் சேவைக் கம்பெனியான ஸ்வைபர் விழுந்தது. அந்தக் குழுமத்தில் டிபிஎஸ் வங்கிக்கு மட்டும் சுமார் 70 கோடி வெள்ளி மாட்டியிருந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அதே துறையிலிருந்த எஸ்ரா, கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கேட்டது. டைட்வாட்டரும் 2017 மே மாதம் அதே வழிக்குப் போய், ஜூலை முடிவில் வெளியே வந்தது. கம்பெனி பிழைத்தது. ஆனால் பழைய பங்குதாரர்களுக்குக் கிடைத்தது புதிய பங்குகளில் 5 சதவீதமும் சில வாரண்டுகளும் (பின்னால் குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை)தான். பெரும்பங்கு கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போய்விட்டது. "எண்ணெய் விலை என்றைக்காவது ஏறும்" என்று பொறுமையாகக் காத்திருந்தவர்கள் சொன்னது சரிதான், ஏறவும் ஏறியது. அந்த ஏற்றம் அவர்களுக்குச் சேரவில்லை, அவ்வளவுதான்.

புதிய பங்கு 2020இல் ஒற்றை இலக்க டாலருக்குச் சரிந்து, 2024 நடுவில் 100 டாலரைத் தாண்டியது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய பாதியானது. இந்த ஆட்டத்தைத் தாங்கும் பணமா உங்களுடையது? பிள்ளைகள் படிப்புக்கு எடுக்கவேண்டிய பணம் என்றால் நிச்சயம் இல்லை.

இன்னொன்றை நீங்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. உங்கள் சம்பளமே இந்தச் சுழற்சியில்தான் இருக்கிறது. பங்கு விழும் வருடத்தில்தான் யார்டில் ஓவர்டைம் நிற்கும், ஆள்குறைப்பும் வரும். சரியாகப் பணம் தேவைப்படும் நேரத்தில் நஷ்டத்துக்கு விற்க நேரும்.

ஆசை விடவில்லை என்றால் 5,000 வெள்ளியோடு நிறுத்துங்கள். அதையும் மூன்று நான்கு தவணையாகப் போடுங்கள். ஆண்டறிக்கையில் மூன்றைப் பாருங்கள்: நிகரக் கடன் (கையிருப்புப் பணம் போக மிச்சமுள்ள கடன்) எவ்வளவு, அது எந்த ஆண்டு திருப்பவேண்டியது, கப்பல்களின் சராசரி வயது என்ன. நாள் வாடகை பாதியானால் இரண்டு வருடம் வட்டி கட்ட முடியாத கம்பெனி, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். நீங்கள் போட நினைத்த 40,000இல் மீதி 35,000இல் ஆறு மாதச் செலவை வங்கியில் வைத்துவிட்டு, மற்றதை எண்ணெய்க்குச் சம்பந்தமில்லாத குறியீட்டு நிதியில் (சந்தைக் குறியீட்டில் உள்ள பல கம்பெனிகளின் பங்குகளைச் சேர்த்து வாங்கும் நிதி) போடுங்கள்.

விற்கும் நேரத்தை மட்டும் என்னைவிட நீங்கள் முன்னதாகக் கண்டுபிடிப்பீர்கள். வேலையில்லாமல் லே-அப்பில் கட்டிவைத்த பழைய கப்பல்கள் எழுந்து, பழுதுபார்க்க ட்ரை டாக்குக்கு வரும்வரை பிரச்சினை இல்லை. யார்டுகளுக்குப் புதுக் கப்பல் ஆர்டர்கள் வரிசைகட்டி வர ஆரம்பித்தால், பின்னால் கப்பல்கள் பெருகி வாடகை இறங்கும்; அதனால் போனஸ் பேச்சு அடிபடும்போதே பங்கை விற்றுவிடுங்கள்.