சேமிப்பைத் தின்னும் ஏழு பூனைகள்: என்ன செய்யலாம்?

கேள்வி: வீட்டில் இரண்டு பூனைகள் வளர்க்கிறேன். இரண்டுக்கும் கருத்தடை செய்தாகிவிட்டது. ஒன்று நான்கு கிலோ, இன்னொன்று ஐந்தைத் தாண்டிவிட்டது. நல்ல உணவாக இருக்கட்டும் என்று விலை உயர்ந்த உலர் உணவு வாங்குகிறேன். தட்டு காலியாகும்போதெல்லாம் நிரப்புவேன். 2 கிலோ பை 12 நாளில் தீர்ந்துவிடுகிறது. வாசலுக்குத் தினமும் ஐந்து தெருப் பூனைகள் வருகின்றன, அவற்றில் இரண்டு பெண். அவற்றுக்கு மலிவான உணவைச் சிறு பைகளில் வாங்கி வைக்கிறேன், கூடவே பாலும். எல்லாம் சேர்ந்து சம்பளத்தில் எட்டில் ஒரு பங்கு போகிறது. மாதச் சேமிப்பை நிறுத்தி நான்கு மாதமாகிறது. தெருப் பூனைகளுக்கு நாய் உணவு போடலாமா? வீட்டிலேயே சமைத்தால் மிச்சமாகுமா? கைவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பதில்: சொல்லமாட்டேன். அதற்கு அவசியமும் இல்லை. செலவு எங்கே கசிகிறது என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

2 கிலோ, 12 நாள், இரண்டு பூனைகள். வகுத்துப் பாருங்கள்: ஒரு பூனைக்கு நாளொன்றுக்கு 83 கிராம் வருகிறது. உலர் உணவு பெரும்பாலும் 100 கிராமுக்கு 350 முதல் 400 கிலோ கலோரி தரும். 380 என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பூனையின் பங்குக்கும் நாளுக்கு ஏறத்தாழ 315 கிலோ கலோரி போகிறது. கருத்தடை செய்யப்பட்டு வீட்டுக்குள்ளேயே இருக்கும் நான்கு கிலோ பூனைக்கு 200 முதல் 220 வரை போதும், அதாவது சுமார் 55 கிராம். மிச்சம் எங்கே போகிறது? கொஞ்சம் ஐந்து கிலோவைத் தாண்டியவரின் வயிற்றுக்கு, கொஞ்சம் நமத்துப்போய்க் குப்பைக்கு. சமையலறைத் தராசில் காலையிலேயே அன்றைய அளவை நிறுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். வேளைக்கு வேளை அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். டப்பா காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது, எவ்வளவு கத்தினாலும் சரி. அதே 2 கிலோ பை 18 நாள் வரும். தரத்தில் கைவைக்காமலேயே வீட்டுப் பூனைகளின் உணவுச் செலவில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

ஒரே நாளில் குறைக்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு படிப்படியாக இறக்குங்கள். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதன் இலக்கு எடை என்ன என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது விலை. பையின் மேல் போட்டிருக்கும் விலையை வைத்து மலிவு, விலை அதிகம் என்று முடிவு கட்டுவது நான் தினமும் பார்க்கும் தவறு. பூனைக்கு நீங்கள் வாங்குவது கலோரி. ஒரு கிலோ 100 என்ற விலையில் 3,300 கிலோ கலோரி தரும் உணவையும், 118 என்ற விலையில் 4,000 தரும் உணவையும் ஒப்பிடுங்கள். 200 கிலோ கலோரிக்கு முதலாவதில் 6.06 செலவாகும், இரண்டாவதில் 5.90. கடையில் விலை கூடியதாகத் தெரிவது தட்டில் குறைந்த செலவாகிவிடுகிறது. விலையைக் கலோரியால் வகுத்து ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு கடைக்குப் போனால், விளம்பரப் படத்தில் இருக்கும் பூனையின் அழகு உங்களை ஏமாற்றாது.

புரதத்தை ஒப்பிடும்போதும் இப்படி ஒரு பொறி உண்டு. ஈர உணவின் உறையில் புரதம் 10 சதவீதம், உலர் உணவில் 32 சதவீதம் என்று இருக்கும். பார்த்தவுடன் ஈர உணவு வெறும் தண்ணீர் என்று தோன்றும். அதில் 78 சதவீதம் தண்ணீர்தான், உண்மை. மீதி 22 சதவீதத்தில் 10 புரதம் என்றால், நீரை நீக்கிய கணக்கில் 45 சதவீதம். உலர் உணவில் 10 சதவீதம் ஈரம் போக, 32 என்பது 36-க்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. ஆனாலும் கலோரிக் கணக்கில் ஈர உணவு பெரும்பாலும் விலை அதிகம்தான். பூனை இயல்பாகவே தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பிராணி என்பதால் ஈர உணவுக்கு ஒரு இடம் உண்டு. வீட்டில் சிறுநீர் அடைப்பு வரக்கூடிய ஆண் பூனை இருந்தால் நாளுக்கு ஒரு வேளை ஈர உணவு கொடுத்து, அந்தக் கலோரியை உலர் உணவில் கழித்துக்கொள்ளுங்கள். கட்டுப்படியாகவில்லையா? உலர் உணவிலேயே தண்ணீர் ஊற்றிக் கொடுங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வீட்டுக்கு ஒரு ரகம், வாசலுக்கு ஒரு ரகம் என்று இரண்டு உணவு வாங்குகிறீர்கள், இரண்டுமே சின்னப் பைகள். ஏழு பூனைகளுக்கும் நடுத்தர விலையில் ஒரே உணவைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் நாளுக்கு 110 கிராம், வாசலில் தலைக்கு 60 வீதம் 300 கிராம், மொத்தம் 410. 10 கிலோ பை 24 நாளில் தீரும். பெரிய பையில் கிலோ விலை குறைவு என்பது தெரிந்ததே. ஆனால் வீட்டுப் பூனைகளுக்கு மட்டும் வாங்கினால் அதே பை மூன்று மாதம் இழுக்கும். திறந்து ஆறு வாரத்துக்கு மேல் போனால் உணவிலுள்ள கொழுப்பு கெட்டு நாற்றமடிக்கத் தொடங்கும், பூனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். தெருப் பூனைகள் வருவதால்தான் உங்களுக்குப் பெரிய பை கட்டுப்படியாகிறது. டப்பாவில் கொட்டாமல், பையோடு டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள். புதிய உணவுக்கு மாறும்போது பழையதோடு கலந்து ஏழு முதல் பத்து நாளில் மாற்றுங்கள்.

எந்த ரகம் என்று நான் சொல்லப்போவதில்லை. உறையில், வளர்ந்த பூனைக்கான ‘முழுமையான, சமச்சீரான உணவு’ என்று இருக்க வேண்டும். ‘துணை உணவு’ என்று இருந்தால் அதை மட்டுமே கொடுத்து வளர்க்க முடியாது. இந்த ஒரு வரி முன்பக்கத்தில் இருக்கும் எல்லா வண்ண வாசகங்களையும்விட மதிப்புள்ளது.

நாய் உணவு வேண்டாம். பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டும். நாய்க்குப் பெரும்பாலும் உடலே செய்துகொள்ளும் என்பதால் நாய் உணவில் அது போதுமான அளவு இருக்கும் என்று சொல்ல முடியாது. டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும், இதயத் தசை பலவீனமாகி இதயம் வீங்கும். இந்த இதயத் தொடர்பு 1987-இல் வெளியான ஆய்வில் தெரியவந்த பிறகுதான் பூனை உணவுகளில் டாரின் அளவைக் கூட்டினார்கள். காரட்டில் இருக்கும் நிறமியிலிருந்து வைட்டமின் ஏ செய்துகொள்ளவும் பூனையால் முடியாது. நாய் உணவில் மிச்சம் பிடித்ததை மருத்துவருக்கு வட்டியோடு கட்ட நேரும்.

வீட்டுச் சமையலும் அப்படித்தான். வெறும் இறைச்சியில் கால்சியம் மிகக் குறைவு, அதை மட்டும் தின்னும் குட்டிக்கு எலும்பு நொறுங்கும். ஈரல் தினமும் போட்டால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்பு இறுகிப்போகும். சில பச்சை மீன்களில் தயமினை (வைட்டமின் பி1) அழிக்கும் நொதி இருக்கிறது. இவற்றையெல்லாம் சரிக்கட்டக் கலவைப் பொடிகள் வாங்கினால் மிச்சம் எங்கே? ஆசைக்கு வேகவைத்த கோழி கொடுக்கலாம், மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள். நாளுக்கு 200 கிலோ கலோரி தேவைப்படும் பூனைக்கு அது கொழுப்பில்லாத சதையில் 12 கிராம்தான். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த எதுவும் கூடாது, வெந்த எலும்பும் கூடாது. பாலை இன்றோடு நிறுத்துங்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. தண்ணீர் வையுங்கள், செலவில்லை.

தெருப் பூனைகளுக்கு நேரம் ஒன்று வையுங்கள். தினமும் அதே நேரத்தில் உணவு, அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிட வேண்டும். இரவு முழுக்கக் கிடக்கும் தட்டில் பாதி எலிக்கும் எறும்புக்கும் போகிறது, பக்கத்து வீட்டுக்காரரின் கோபம் இலவச இணைப்பு. தலைக்கு 60 கிராம் என்றது உச்ச அளவு. வேறு வாசல்களிலும் தின்றுவிட்டு வருபவை தட்டில் மிச்சம் வைக்கும், அதைப் பார்த்துக் குறையுங்கள்.

அந்த இரண்டு பெண் பூனைகள்தான் உங்கள் பட்ஜெட்டின் கூட்டுவட்டி. சினைக்காலம் ஒன்பது வாரம்தான். ஆண்டுக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு மூன்று முதல் ஐந்து குட்டி என்பது சாதாரணம். அந்தக் குட்டிகள் நான்கைந்து மாதத்திலேயே சினைபிடிக்கும். பால் கொடுக்கும் தாய் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தின்னும். ஆகவே முதலில் மொத்தமாகக் கையில் சேரும் தொகை இவ்விரண்டின் கருத்தடைக்கு. பணம் கட்டும் முன் காதைப் பாருங்கள். ஒரு காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால் பெரும்பாலும் யாரோ ஏற்கெனவே செய்துவிட்டிருப்பார்கள். விலங்குநல அமைப்புகளில் குறைந்த கட்டணத்தில் செய்கிறார்களா என்று விசாரியுங்கள். பிறகு மூன்று ஆண் பூனைகள்.

இனி பணத்தின் வரிசை. சம்பளம் வந்த அன்றே, நிறுத்திய சேமிப்பில் பாதித் தொகையையாவது எடுத்து வையுங்கள். பூனைகளுக்குத் தனிக் கணக்கு ஒன்று தொடங்கி, 10 கிலோ பையின் விலையையும் மருத்துவத்துக்கு ஒரு தொகையையும் அதில் போடுங்கள். அந்தக் கணக்கில் இருப்பதற்குள்தான் பூனைச் செலவு. எட்டாவது பூனை வந்தாலும் இதே வரம்புதான். காப்பீடு கிடைத்தால் காத்திருப்புக் காலத்தையும், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு விலக்கு உண்டா என்பதையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். மருத்துவத் தொகை ஓர் அவசரச் சிகிச்சைச் செலவை எட்டியதும், அந்தப் பங்கையும் சேமிப்புக்குத் திருப்பிவிடலாம்.

மருத்துவத் தொகையை வேறு எதற்கும் தொடாதீர்கள். ஆண் பூனை சிறுநீர் போக முடியாமல் திரும்பத் திரும்ப முக்கினால், அன்றைக்கே, இரவானாலும், மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அந்தத் தொகை அப்போதைக்கு.