நண்பர் தரும் பணமும் தறியும் ரிசீவருக்குப் போகுமா?

கேள்வி: ஆந்திராவின் நகரியில் எட்டு விசைத்தறி வைத்து லுங்கி நெய்து வந்தேன். நூல் கடனும் கைக்கடனும் சேர்ந்து தாங்க முடியாமல் போன மாதம் ஐ.பி. மனு (திவாலானவர் என்று அறிவிக்கக் கோரும் மனு) போட்டிருக்கிறேன், இன்னும் உத்தரவாகவில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிப்பட்டில் இருக்கும் நண்பர் ஒருவர், திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லி 1,50,000 ரூபாய் தர முன்வந்திருக்கிறார். இன்னொரு நண்பர் தன்னிடமுள்ள இரண்டு பழைய தறிகளை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். தை மாதம் மகள் கல்யாணம், மொய் வரும். இதையெல்லாம் ரிசீவர் (நீதிமன்றம் நியமிக்கும் சொத்து நிர்வாகி) எடுத்துக்கொள்வாரா? மனைவி பெயரில் வாங்கிக்கொண்டால் தப்புமா? (போன வருடம் வீட்டுமனையை மனைவிக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டேன்.)

பதில்: முதலில் எந்தச் சட்டம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2016இல் வந்த திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. உங்களைப் போன்ற சொந்தத் தொழில்காரர்களுக்கு இன்றும் 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமே பொருந்தும்.

அந்தச் சட்டத்தின் 28ஆவது பிரிவுதான் உங்கள் கேள்விக்கான விடை. திவாலானவர் என்று உத்தரவானவுடன் உங்கள் சொத்து நீதிமன்றத்தின் அல்லது ரிசீவரின் வசமாகிவிடும். அதன் பிறகு, கடன்களிலிருந்து உங்களை விடுவிக்கும் விடுதலை உத்தரவு கிடைக்கும் வரை உங்களுக்குப் புதிதாக வந்து சேருவதும் அந்தக் கணமே அவர் வசமாகும். தொழிலில் சம்பாதித்ததா, பாகத்தில் வந்ததா, அன்பளிப்பாகக் கிடைத்ததா என்ற பேதத்தைச் சட்டம் பார்ப்பதில்லை. உத்தரவு இன்னும் வரவில்லையே, அதற்குள் வாங்கிக்கொள்ளலாமே என்று நினைக்க வேண்டாம். உத்தரவு எப்போது வந்தாலும் அது மனு தாக்கலான நாளிலிருந்தே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படும். எனவே நண்பர் இன்று உங்கள் கையில் கொடுக்கும் 1,50,000 ரூபாய், அவருடைய மனதில் உங்களுக்கான உதவியாக இருந்தாலும், சட்டத்தின் கணக்கில் உங்கள் கடன்காரர்கள் எல்லோருக்கும் பங்கு போடப்படும் பணமாகிவிடும்.

ஆனால் அன்பளிப்பு என்பது நீங்கள் ஏற்றுக்கொண்டால்தான் முழுமையாகும் என்று சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 122ஆவது பிரிவு சொல்கிறது. நீங்கள் வாங்காத பணம் நண்பருடைய பணமாகவே இருக்கும். அதை அவர் விரும்பியபடி செலவழிக்கலாம். உங்கள் மகனின் கல்லூரிக் கட்டணத்தை அவர் நேரே கல்லூரியில் கட்டலாம். மளிகைக்கடைக்கு நேரே கொடுக்கலாம். நூல் வியாபாரிகளில் ஒருவருக்கு உங்கள் பாக்கியை அவரே தீர்க்கவும் செய்யலாம். இவற்றில் பணம் உங்கள் சொத்தாக ஒரு நிமிடம்கூட மாறுவதில்லை. இதில் ஒளிவுமறைவும் இல்லை; எனவே ரிசீவர் கேட்டால் யார், எங்கே, எவ்வளவு கட்டினார் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

திருப்பித் தர வேண்டாம் என்று இப்போது சொல்பவர் மனதில், பிறகு முடிந்தபோது பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால் அது அன்பளிப்பல்ல, கைமாற்று. திவால் உத்தரவுக்குப் பிறகு வாங்கும் கடன், விடுதலை கிடைத்தாலும் உங்களை விட்டுப் போகாது. தவிர, விடுதலை பெறாத நிலையில், அந்த விவரத்தைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் 72ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். 1920இல் எழுதிய ஐம்பது ரூபாயை யாரும் இன்றுவரை மாற்றவில்லை.  உங்கள் நிலைமையை அறியாத எவரிடமும் கைமாற்று வாங்க வேண்டாம்.

தறி விஷயத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். அன்பளிப்பாக வாங்கினால் இரண்டு தறியும் ரிசீவருக்குப் போகும். உடை, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள் போன்றவற்றைச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு ஜப்தியிலிருந்து காக்கிறது என்பது உண்மைதான். ஆனால் கைத்தறிக்காரர் சொல்லக்கூடிய அந்தப் பாதுகாப்பை, ஆள் வைத்து எட்டு விசைத்தறி ஓட்டியவர் கேட்டால் நீதிமன்றம் ஏற்கும் என்று நான் நம்பவில்லை. தறி நண்பருடையதாகவே இருக்கட்டும், என் கொட்டகையில் ஓட்டிக்கொள்கிறேன் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மனு தாக்கலான நாளில், உரிமையாளரின் சம்மதத்தோடு, பார்ப்பவர்கள் உங்களுடையது என்றே எண்ணும்படி உங்கள் தொழிலில் இருந்த பிறர் பொருளையும் 28(3) உங்கள் சொத்தாகவே கருதும். இந்தத் தறிகள் மனுவுக்குப் பிறகு வருவதால் அந்த உட்பிரிவு நேரடியாகப் பொருந்தாது. என்றாலும் உங்கள் மின் இணைப்பில், உங்கள் கொட்டகையில், உங்கள் மற்ற எட்டுத் தறிகளோடு நின்றால் ஜப்திக்கு வரும் அமீனாவிடம் வாய்வார்த்தையாக விளக்கிக்கொண்டிருக்க நேரும். என் யோசனை, தறிகள் நண்பரின் கொட்டகையிலேயே இருக்க, அவர் தரும் பாவுக்கு (தறியில் ஏற்றும் நீள நூலுக்கு) நீங்கள் போய்க் கூலிக்கு நெய்வது. தொழிலாளியின் கூலிக்கு அதே 60ஆவது பிரிவில் பாதுகாப்பு உண்டு.

சொத்தை எல்லையைத் தாண்டிப் பள்ளிப்பட்டில் வைத்துவிட்டால் ஆந்திர நீதிமன்றம் என்ன செய்யும் என்ற பேச்சும் நம் பக்கத்தில் அடிக்கடி காதில் விழுகிறது. நொடிப்பு வழக்கைக் கையாளும் நீதிமன்றங்கள் ஒன்றுக்கொன்று துணைநிற்க வேண்டும் என்று 77ஆவது பிரிவு சொல்வதால் அந்த எண்ணம் உதவாது.

மொய்க்கு வருவோம். மகளின் கழுத்திலும் கையிலும் போடும் நகை, அவள் கையில் தரும் கவர், அவளுக்கென்று தரும் பாத்திரம் எல்லாம் அவளுடையவை. அவற்றில் ரிசீவருக்கு வேலை இல்லை. ஆனால் மொய் மேசையில் உங்கள் பெயரில் எழுதப்படும் தொகை உங்களுடையது. மேசையில் மகள் பெயரை எழுதி வைத்தால் போதுமா? இருபது வருடமாக ஊரார் வீட்டு விசேஷங்களில் நீங்கள் எழுதிய மொய்தான் இப்போது திரும்புகிறது என்று ஒரு கடன்காரர் சொன்னால், அதை மறுப்பது எளிதல்ல. மொய் நோட்டை ரிசீவர் கேட்பார். அது தமிழில் இருப்பதால் தெலுங்கு மொழிபெயர்ப்பும் தாக்கல் செய்ய வேண்டிவரலாம். நகைக்கும் பணத்துக்கும் தனித்தனிப் பக்கம் வைத்து, யாருக்குத் தந்தது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். உங்களுக்கும் குடும்பத்துக்கும் ஆகும் பராமரிப்புச் செலவுக்கு, உங்கள் சொத்திலிருந்தே ஒரு தொகையை 66ஆவது பிரிவின்கீழ் நீதிமன்றம் அனுமதிக்கலாம். மறைப்பதைவிட, கல்யாணத்துக்கு முன்பே அதற்கு மனு போடுவது மேல். சொத்தை மோசடியாக மறைத்தால் 69ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு.

மனைவிக்கு நண்பர் குடும்பம் உண்மையாகவே தருவது மனைவியின் சொத்துதான். ஆனால் அவர் கணக்கில் வாங்கி, உங்கள் நூல் கட்டுக்குச் செலவழித்தால், அது அவருடைய பணம் என்று வாதாட எந்த வழக்கறிஞரும் திணறுவார். நண்பர்கள் வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் உறவினர் அல்லர் என்பதையும் நினைவில் வையுங்கள்: அவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் முழுத் தொகையும் வாங்கியவரின் வருமானமாகும். கல்யாணத்தின்போது மணமக்களுக்கு வருவதற்கு மட்டும் விலக்கு உண்டு.

உண்மையில் எனக்குக் கவலை தருவது, நீங்கள் அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் எழுதிய செட்டில்மென்ட்தான். விலை வாங்காமல் எழுதிக் கொடுத்த சொத்து, எழுதிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் ஐ.பி. மனு வந்து அதன்மேல் திவால் உத்தரவும் ஆனால், 53ஆவது பிரிவின்கீழ் ரத்தாகக் கூடியது. போன வருடத்துப் பத்திரம் அந்தக் காலவரைக்குள் விழுகிறது. ரிசீவர் அதைச் சார்பதிவாளர் அலுவலக வில்லங்கச் சான்றில் எளிதாகப் பார்த்துவிடுவார். அடுத்த வாய்தாவுக்கு முன் பத்திரத்தின் நகலை உங்கள் வழக்கறிஞரிடம் கொடுங்கள். மனுவோடு தந்த சொத்து விவரத்தில் அது விடுபட்டிருந்தால், திருத்திய பட்டியலைத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.