வடக்குச் சுவரில் ஒரு திறப்பு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்தக் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு மான்யுமென்ட் வேலி பார்த்துவிட்டு, அரிசோனாவில் நவஹோ பழங்குடியினர் வாழும் பகுதி வழியாக, கயென்டாவிலிருந்து சின்லிக்குக் காரில் போனோம். வழியில், சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், எட்டுப் பக்கம் கொண்ட ஒரு மரவீடு தெரிந்தது. ஆள் அரவமே இல்லை. இறங்கிப் போய்ப் பார்த்தோம். கதவு இல்லை, ஒரு பக்கச் சுவர் உடைந்திருந்தது, உள்ளே துருப்பிடித்த இரும்பு அடுப்பும் சில பாத்திரங்களும் கிடந்தன. பையன் ஒரு எனாமல் குவளையை நினைவாக எடுத்துவைத்துக்கொண்டான். அன்று இரவு விடுதியில் வேலைபார்த்த நவஹோ அம்மா ஒருவரிடம் ஃபோனில் படங்களைக் காட்டினேன். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கைவிடப்பட்ட ஒரு பாழ்வீட்டைப் பார்த்ததில் என்ன தப்பு? இவ்வளவு உழைத்துக் கட்டியதை ஏன் அப்படியே போட்டுவிட்டுப் போகிறார்கள்? மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன்.

கே., ஃபீனிக்ஸ்

அன்புள்ள கே.,

உடைந்தது எந்தப் பக்கச் சுவர் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் இரண்டாவது படத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். நீங்கள் பார்த்தது ஹோகன், நவஹோக்களின் மரபு வீடு. அதன் வாசல் கிழக்கு பார்த்துத்தான் இருக்கும். விடியும் வெளிச்சம் நேராக உள்ளே வரவேண்டும். நீங்கள் வாசலில் நின்று உள்நோக்கி எடுத்திருக்கிறீர்கள். அப்படியானால் எதிரே மேற்கு, வலது கைப்பக்கம் வடக்கு. உடைப்பு இருப்பது வலப்பக்கம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தானாக இற்று விழுந்த மரம் நுனியில் நார்நாராகப் பிரிந்திருக்கும். இங்கே நான்கைந்து மரங்கள் ஒரே நேராகக் கோடரியால் வெட்டப்பட்டிருக்கின்றன, ஓர் ஆளைப் படுக்கவைத்தபடி வெளியே எடுக்கும் அகலத்துக்கு.

அந்த வீட்டுக்குள் யாரோ இறந்திருக்கிறார்.

நவஹோ மரபில் வீட்டுக்குள் சாவு நடந்தால் உடலை வாசல் வழியாகக் கொண்டுபோவதில்லை. வடக்குச் சுவரை உடைத்து எடுப்பார்கள். அதோடு அந்த வீடு முடிந்தது. சிலர் கொளுத்திவிடுவார்கள், சிலர் அப்படியே விட்டுவிட்டு வேறிடத்தில் புதிதாகக் கட்டுவார்கள். இறந்தவரிடம் எதெல்லாம் இசைவு கெட்டு இருந்ததோ அது மட்டும் பின்தங்கி அங்கேயே நிற்கும் என்பது நம்பிக்கை. அதற்கு ‘சிந்தி’ என்று பெயர். அந்த மரத்தில் ஒரு துண்டைக்கூட விறகுக்கு எடுக்கமாட்டார்கள். விறகைப் பல மைல் தூரத்திலிருந்து பிக்கப் வண்டியில் ஏற்றிவரும் ஊர் அது, நினைவிருக்கட்டும். இதனாலேயே, பிழைக்கமாட்டார் என்று தெரிந்தவரை முன்கூட்டியே வெளியே ஒரு பந்தலுக்கு மாற்றிவிடும் வழக்கமும் இருந்தது. வீட்டைக் காப்பாற்ற வேண்டுமே. பிற்காலத்தில் அந்த இடத்தை ஆஸ்பத்திரி எடுத்துக்கொண்டது.

ஆகவே ‘கைவிடப்பட்ட பாழ்வீடு’ என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. இறந்தவருக்கு விட்டுக்கொடுத்த வீடு. அந்த அம்மாவிடம் நீங்கள் காட்டியதும் அதைத்தான், அதுவும் உள்ளே உங்கள் பிள்ளைகள் நிற்கும் படமாக. அவர் கோபப்பட்டார் என்று நான் நினைக்கவில்லை. பயந்திருப்பார், ஒருவேளை உங்கள் பிள்ளைகளுக்காகவும் சேர்த்து.

கூரையை அண்ணாந்து எடுத்த மூன்றாவது படம் அருமை. மூலைக்கு மூலை குறுக்காக மரம் வைத்து, அடுத்த சுற்றைச் சற்று உள்ளே தள்ளி வைத்து, அப்படியே சுற்றுச் சுற்றாகக் குவிந்து மேலே போகிறது பாருங்கள். நடுவில் புகை போக ஒரு துளை. இதன்மேல் மரப்பட்டை, அதற்குமேல் மண். இது ‘பெண் ஹோகன்’. கவைக்கொம்புகளை ஒன்றோடொன்று மாட்டி நிறுத்திய கூம்பு வடிவப் பழைய வகைக்கு ‘ஆண் ஹோகன்’ என்று பெயர். 1880களில் ரயில் வந்தபிறகு தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளை அடுக்கிக் கட்டியவையும் உண்டு. உள்ளே நுழைந்தவர் சூரியன் போகும் திசையில், இடமிருந்து சுற்றித்தான் நடக்கவேண்டும். இன்றைக்கும் பல குடும்பங்கள் மின்சாரமும் குழாயும் உள்ள வீட்டில் குடியிருந்துகொண்டு, பக்கத்திலேயே ஒரு ஹோகனும் வைத்திருக்கின்றன. நோய் தீர்க்கும் சடங்குகளை அதற்குள்தான் நடத்தவேண்டும்.

ஒன்று சொல்லவேண்டும். ஆளில்லாத ஹோகன் எல்லாமே சாவு வீடு இல்லை. ஆட்டு மந்தையோடு கோடைக்கு ஓரிடம், குளிருக்கு ஓரிடம் என்று மாறுகிறவர்களின் வீடு பாதி வருடம் பூட்டியே கிடக்கும். யுரேனியம் தோண்டிய காலத்தில் (1944 முதல் 1986 வரை) சுரங்கக் கழிவுக் கல்லையே வீடு கட்ட எடுத்தவர்கள் உண்டு. கதிரியக்கம் தெரிந்தபின் வெளியேறவேண்டி வந்தது. 1974ல் நவஹோ, ஹோப்பி இனத்தாருக்கு இடையே நிலத்தைப் பிரிக்கச் சட்டம் வந்து, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நவஹோக்கள் குடிபெயர்க்கப்பட்டார்கள்.

மேற்கே ட்யூபா சிட்டி பக்கம் நடந்தது இன்னும் விசித்திரம். அதே நிலத் தகராறைக் காரணம் காட்டி, 1966ல் அமெரிக்க அரசு அங்கே கட்டுமானத்தை முடக்கியது. புதிய வீடு கூடாது என்பதோடு நிற்கவில்லை. ஒழுகும் கூரையைச் சரிசெய்வதற்கும் வழியில்லாமல் போனது. சட்டப்படி அது முழுதாக நீங்கியது 2009ல்.

இது தெரியாமல் நானும் ஒருமுறை அசடு வழிந்திருக்கிறேன். அதே பக்கம் கேமரன் என்ற ஊரைத் தாண்டிப் போகும்போது, மண் பூச்சு உதிர்ந்து ஒரு பக்கம் சாய்ந்த ஹோகன் ஒன்றைப் பார்த்து, காரை நிறுத்தி விதவிதமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்த டிரெய்லர் வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். “ஆள் இல்லாத வீடு என்று நினைத்தேன்” என்றேன். “என் அம்மா வீடு. உள்ளேதான் தூங்குகிறாள்” என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, எனக்கும் பேச வாய் வரவில்லை.

அப்புறம், அந்த நிலம் புறம்போக்கு இல்லை. நவஹோ நேஷன் இலங்கையைவிடப் பெரிய நிலப்பரப்பு, தனக்கென அரசும் நீதிமன்றமும் போலீசும் உள்ளது. மற்ற அரிசோனாக்காரர்கள் கோடையில் கடிகாரத்தை மாற்றமாட்டார்கள், இவர்கள் மாற்றுவார்கள். சின்லியில் நீங்களும் ஒரு மணிநேரம் குழம்பியிருப்பீர்கள். சாலையை விட்டு இறங்கி நினைத்த இடத்தில் நடக்க அங்கே அனுமதி வாங்கவேண்டும்.

சரி, குவளை. அதைத் தேய்த்துக் கழுவி அலமாரியில் வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். விடுதி அம்மாவிடம் கொண்டுபோய் நீட்டிவிடாதீர்கள், அவர் கையால் தொடமாட்டார். தபாலில் யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். அடுத்த முறை அந்தப் பக்கம் போக நேர்ந்தால், முதலில் சின்லியில் விவரம் சொல்லி, போகலாமா என்று கேளுங்கள். சரி என்றால் பையனையும் கூட்டிப்போய், வாசலுக்கு வெளியே மண்ணில் வைத்துவிட்டு வாருங்கள். உள்ளே போக வேண்டாம்.