காசு கொடுத்தாச்சு, ஆப்பின் கோடு (நிரல்) உங்களுடையதா?

காசிமேட்டில் மீன் ஏலக் கணக்குக்கு ஒரு ஆப் போட்டிருக்கேன் சார். காலேஜ் தோஸ்த் எழுதிக் கொடுத்தான். 40,000 ரூபாய் ஜிபே பண்ணிட்டேன், பேப்பர் எதுவும் இல்லை. இப்போ அவன் பெங்களூர்ல. ஆப் என்னுதுதானே?

பயன்படுத்தலாம். ஆனால் சொந்தம் என்று சொல்ல முடியாது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் மென்பொருளும் இலக்கியப் படைப்புதான். எழுதியவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு இருப்பவர் வேலையின் பகுதியாக எழுதினால் முதலாளிக்குப் போகும். உங்கள் நண்பர் சம்பள ஆள் இல்லை. ஜிபே ரசீது பணம் கொடுத்ததற்குத்தான் சாட்சி.

உரிமை கைமாற, அவர் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். அதில் உரிமை எத்தனை காலத்துக்கு, எந்தெந்த இடத்துக்கு என்பது கட்டாயம் வரட்டும். காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே வைத்துக்கொள்ளும். நெட்டில் கிடைக்கும் அமெரிக்க மாதிரியை அப்படியே போடாதீர்கள். அதில் வரும் 'வொர்க் ஃபார் ஹயர்' (காசு கொடுத்துச் செய்ய வைத்தவருக்கே படைப்பு சொந்தம்) என்ற வார்த்தையை நம்பி ஏமாந்தவர்கள் ஹைகோர்ட் இருக்கும் பாரிமுனைப் பக்கம் நிறையப் பேர் வருகிறார்கள். கூடவே கிட்ஹப் (கோடு சேமிக்கும் தளம்), டொமைன் (இணைய முகவரி), ப்ளே ஸ்டோர் கணக்குகளும் உங்கள் கைக்கு வரட்டும். நட்பு நன்றாக இருக்கும்போதே கேளுங்கள். ஆப் ஓட ஆரம்பித்த பிறகு கேட்டால் விலை வேறு.

பெரம்பூர்ல நாங்க ரெண்டு பேர் சேர்ந்து தொழில் ஆரம்பிக்கிறோம். எல்எல்பியா, பிரைவேட் லிமிடெடா?

முதலீட்டாளரிடம் போகப் போகிறீர்களா? அப்படியென்றால் பிரைவேட் லிமிடெட். எல்எல்பி என்பது வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை, அதில் முதலீட்டாளருக்கு ஷேர் கொடுக்க வழியில்லை. வாடிக்கையாளர் பணத்திலேயே ஓட்டுவதென்றால் எல்எல்பி சிக்கனம். விற்றுமுதல் 40 லட்சத்தையோ மூலதனம் 25 லட்சத்தையோ தாண்டாதவரை ஆடிட் கட்டாயமில்லை. கம்பெனிக்கு ஒரு ரூபாய் வியாபாரம் இல்லாவிட்டாலும் ஆடிட் உண்டு. கம்பெனி பதிவான 180 நாளுக்குள், தொழில் தொடங்குவதை அறிவிக்கும் ஐஎன்சி-20ஏ படிவம் போட வேண்டும். சர்டிபிகேட்டை ஃப்ரேம் போட்டு மாட்டிவிட்டு இதை மறப்பவர்களே அதிகம். ஆளுக்குப் பாதிப் பங்கு என்றால், நடுவில் ஒருவர் விலகினால் அவர் பங்கு என்னாகும் என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். நாலு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு சேரும் ஏற்பாடுதான் வழக்கம்.

ஐடியாவுக்கு பேட்டண்ட் வாங்கலாமா?

வெறும் கம்ப்யூட்டர் நிரலுக்குக் கிடையாது. காப்புரிமைச் சட்டம் 3(கே) பிரிவே தடுக்கிறது. அந்தக் காசில் பெயருக்கு டிரேட்மார்க் போடுங்கள். தனிநபருக்கும் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்புக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு (பொருள் அல்லது சேவை வகைக்கு) 4,500 ரூபாய். மென்பொருளுக்கு 9, 42 ஆகிய வகுப்புகளைப் பாருங்கள்.

வியாசர்பாடியில் டியூஷன் ஆப். பிரைவசி பாலிசியை வேற ஆப்ல இருந்து காப்பி அடிச்சா போதுமா?

போதாது, அதுவும் பிள்ளைகள் விஷயத்தில். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைகள். பெற்றோர் சம்மதத்தைச் சரிபார்த்து வாங்க வேண்டும். பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரமும் காட்டக் கூடாது. தவறினால் அபராதம் 200 கோடி வரை. பிறந்த தேதியும் பள்ளிப் பெயரும் உங்களுக்கு உண்மையிலேயே தேவையா? வாங்காத தகவலுக்குக் காவல் வேண்டியதில்லை.

பகலில் ஐடி கம்பெனி, ராத்திரி தண்டையார்பேட்டை வீட்டில் சொந்த ஆப். பிரச்சினை வருமா?

அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படியுங்கள். வேலையை விட்ட பிறகும் போட்டித் தொழில் செய்யாதே என்ற நிபந்தனை 1872 ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின் முன் பொதுவாக நிற்காது. வேலையில் இருக்கும்போது போட்ட நிபந்தனை நிற்கும். முதல் கமிட் (கோடை முதலில் பதிவு செய்தது) எந்த லேப்டாப்பில், எந்த மெயில் ஐடியில் போனது? ஆபீஸ் ஐடி என்றால், வக்கீலிடம் உட்கார்ந்ததும் முதலில் அதைச் சொல்லுங்கள்.