பழைய பிளாஸ்டிக், புதுப் பொருள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் சிலர் சேர்ந்து தண்ணீர், குளிர்பான பாட்டில் மூடிகளைப் பழைய அவனில் (கேக் சுடும் அடுப்பில்) உருக்கி ஓரடிச் சதுரப் பலகை போடுகிறோம். ஆறியதும் பலகை அப்பளம் மாதிரி வளைகிறது. அறுத்தால் உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. சில பலகைகள் ஏடு ஏடாகவே பிரிந்து வருகின்றன. எங்கே தவறுகிறோம்?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: ஏடு பிரிவதை முதலில் பார்ப்போம். மற்ற இரண்டையும் அடுத்த பலகையில் சரிசெய்துகொள்ளலாம். ஏடு பிரிவதை மட்டும் உருக்குவதற்கு முன்னால்தான் தடுக்க முடியும்.

பாட்டில் மூடி எச்டியாகவும் (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்) இருக்கும், பிபியாகவும் (பாலிபுரோப்பிலீன்) இருக்கும். உட்புறம் 2 என்றிருந்தால் எச்டி, 5 என்றிருந்தால் பிபி. எச்டி 130 டிகிரி வாக்கில் உருகும். பிபிக்கு 160ஐத் தாண்ட வேண்டும். சேர்த்து உருக்கினால் கலந்ததுபோலத் தெரியுமே தவிர, ஒன்றோடொன்று பிடிக்காது. எண் இல்லாத மூடியை என்ன செய்வது? தண்ணீரில் இரண்டுமே மிதக்கும், அதனால் அந்தச் சோதனை இங்கே பயன்படாது. ஒரு டம்ளர் சூரியகாந்தி எண்ணெய் போதும். எண்ணெயின் அடர்த்தி சுமார் 0.92, பிபி 0.90, எச்டி 0.95. பிபி மேலே நிற்கும், எச்டி அடியில் போகும். முழு மூடியாகப் போட்டால் உள்ளே காற்று தங்கி ஏமாற்றிவிடும். நகத்தளவு துண்டு வெட்டி, குச்சியால் எண்ணெய்க்குள் அமுக்கி விடுங்கள். ஒரே கம்பெனி, ஒரே நிற மூடிகளில் ஒன்றைச் சோதித்தால் போதும். மூடிக்குள் மெத்தென்ற வட்டம் இருந்தால் நெம்பி எடுத்துவிடுங்கள், அது வேறு பொருள்.

ஓட்டைக்குக் காரணம் பெரும்பாலும் ஈரம், அடுத்தது போதாத சரக்கு. கழுவிய துண்டுகளை வெயிலில் ஒரு நாள் முழுக்கக் காய வையுங்கள். பெங்களூரு மழைக்காலத்தில் மின்விசிறிக்கு அடியில் இரண்டு நாளாவது கிடக்கட்டும். சரக்குக் கணக்கு எளிது: 30 x 30 x 1 செ.மீ. பலகை 900 கன செ.மீ. எச்டியில் அது 855 கிராம். பிதுங்கி வழிவதையும் சேர்த்து 900 கிராம் எடுங்கள். மூடி ஒன்று 2 கிராம் என்றால் 450 மூடி. வெட்டிய துண்டு கிட்டத்தட்ட மூன்று மடங்கு இடம் பிடிக்கும் என்பதால் ஒரே தடவையில் பலகை வார்க்கும் சட்டத்தில் கொள்ளாது. முதலில் கொட்டியது உருகி அமுங்கியதும் மீதியைக் கொட்டுங்கள். இந்த இரண்டாம் கொட்டலைப் பலர் விட்டுவிடுகிறார்கள், பிறகு பலகை ஓட்டை என்கிறார்கள்.

அவனில் வைக்க வேண்டிய சூடு எச்டிக்கு 180 டிகிரி, பிபிக்கு 200 முதல் 220. அவனின் திருகு காட்டும் எண்ணை நம்பாதீர்கள். 20 டிகிரி தள்ளியிருப்பது சாதாரணம். பெங்களூரு எஸ்.பி. ரோடில் கே-டைப் தெர்மோகப்புளும் (சூட்டை அளக்கும் கம்பி) மீட்டரும் கிடைக்கும், கம்பியின் முனையைச் சட்டத்தின் உலோகத்தோடு ஒட்ட வையுங்கள். ஒரு செ.மீ. கனத்துக்கு 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். மேலும் கீழும் வைக்கும் இரும்புத் தகடுகளில் ஒட்டாமலிருக்க டெஃப்லான் ஷீட் போடுங்கள். அந்த அவனில் இனி யாரும் கேக் சுடக் கூடாது.

வளைவு ஆறும்போது வருவது. எச்டி ஆறுகையில் நீளத்தில் 2 முதல் 4 சதவீதம்வரை சுருங்கும். தரையில் வைத்து ஆறவிட்டால் அடிப்பக்கம் முதலில் இறுகிவிடும். மேல்பக்கம் பிறகு சுருங்கித் தன் பக்கம் இழுக்கும். அதனால்தான் வளைவு எப்போதும் மெதுவாக ஆறிய பக்கத்தைப் பார்த்தே இருக்கும். இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே வைத்து நான்கு மூலையிலும் சி-கிளாம்ப் (திருகி இறுக்கும் பிடி) போட்டு, சட்டத்தைச் செங்கல் மேல் தூக்கி நிறுத்துங்கள், இருபுறமும் காற்றுப் படட்டும். சுருங்கச் சுருங்கக் கிளாம்ப் தளரும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை முறுக்குங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை திறக்க வேண்டாம். தண்ணீர் ஊற்றி அவசரப்படுத்தினால் பலகை போச்சு.

கேள்வி: நந்தினி பால் கவர்களை அயர்ன் செய்து பை தைக்கலாமா? முயன்றபோது நாற்றமும் வருகிறது, ஓட்டையும் விழுகிறது.
– வாசகி, சிவாஜிநகர்

பதில்: தைக்கலாம். பால் கவர் எல்டி (அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன்) வகை, 110 டிகிரியை ஒட்டி உருகிவிடும், அயர்ன் பெட்டியே போதும். நாற்றம் மூலையில் தங்கிய கொழுப்பினுடையது. மூலையை மட்டும் வெட்டிக் கழுவினால் போகாது; மூன்று ஓரமும் வெட்டி விரித்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரை மணி ஊறவைத்துத் தேயுங்கள். கொழுப்பு இருக்கும் இடத்தில் ஏடும் ஒட்டாது.

நான்கு முதல் ஆறு ஏடு அடுக்கி, மேலும் கீழும் பேக்கிங் பேப்பர் வைத்து, பட்டுத்துணிக்கான சூட்டில் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் பெட்டி நின்றால் அங்கேதான் ஓட்டை. ஆவியை நிறுத்தி வையுங்கள். பேப்பரைச் சூட்டோடு உரிக்காதீர்கள், ஏடும் சேர்ந்து வரும். தைக்கும்போது 16ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் 4 மி.மீ.; நெருக்கித் தைத்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும். குண்டூசி குத்தாமல் கிளிப் போடுங்கள்.

கேள்வி: சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட்டுகளையும் உருக்கலாமா?
– வாசகர், ஜீவன்பீமா நகர்

பதில்: வேண்டாம். வெவ்வேறு பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் ஒட்டிய அடுக்குகள் அவை. கழுவிக் காயவைத்து, 3 செ.மீ. அகல நாடாவாக வெட்டி, பருத்தி நூல் பாவில் ஊடாகக் கொடுத்து நெய்தால் நல்ல உறுதியான துணி வரும்.

கேள்வி: கட்சி பேனர் ஃப்ளெக்ஸ் கிடைக்கிறது, பழைய பைப்பும் கிடைக்கிறது. மாஸ்க் போட்டுக்கொண்டு உருக்கினால் ஆபத்தில்லைதானே?
– வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: ஆபத்துத்தான். ஃப்ளெக்ஸ் பிவிசி, தண்ணீர்க் குழாய்களில் பெரும்பாலானவையும் பிவிசி. சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், மூச்சுக்குழாயை அரிக்கும், உருக்கும் அடுப்பையும் துருப்பிடிக்க வைக்கும். என்-95 மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும், வாயுவை அல்ல. ஃப்ளெக்ஸை வெட்டித் தைத்து உறை செய்யுங்கள், சூடு காட்டாதீர்கள். உருக்கும் சரக்கில் பிவிசி கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் தண்ணீரில் போடுங்கள், மூழ்கியதை ஒதுக்குங்கள். இன்னும் உறுதி வேண்டுமென்றால், திறந்த வெளியில் செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி அந்தத் துண்டில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். தீ பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது. புகை வரும் பக்கம் நிற்காதீர்கள், முகர்ந்தும் பார்க்காதீர்கள். டிவி, கம்ப்யூட்டரின் கறுப்பு உறையையும் விட்டுவிடுங்கள். தீப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த புரோமின் மருந்து அதில் இருக்கக்கூடும்.