லாகின் பேஜ் மட்டும் போதுமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, பிசிஏ மூன்றாம் வருடம், புராஜெக்ட்டுக்கு பிஹெச்பியில் நூலக மேலாண்மை செய்திருக்கிறாய், கூடப் படிப்பவர்கள் எல்லாம் ஏஐ, சாட்பாட் என்று போவதைப் பார்த்து உன்னுடையது வெறும் லாகின் போட்ட வெப்சைட் மாதிரித் தெரிகிறது, அதனால் தலைப்பை மாற்றலாமா என்று கேட்கிறாய். மாற்றாதே. ஆனால் அந்த லாகினை இப்போது இருக்கிறபடியே இன்டர்வியூவுக்குத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம்.

நீ அனுப்பிய விவரத்தில் பாஸ்வேர்டை எம்டி5 என்ற ஹாஷாக (திரும்பப் பழையபடி மாற்ற முடியாத எழுத்துக்கோவையாக) மாற்றி வைத்திருப்பதாக ஒரு வரி இருந்தது. ஏதோ பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்து எழுதியிருப்பாய். எம்டி5, அதே வகையைச் சேர்ந்த ஷா-1 எல்லாம் வேகமாக ஓடுகிற மாதிரி எழுதப்பட்டவை, அந்த வேகம்தான் இங்கே வினை. ஹாஷ்கள் இருக்கும் டேபிளைத் திருடியவன் விநாடிக்குக் கோடிக்கணக்கில் யூகித்துப் பார்ப்பான். 2012-இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து திருடு போன பாஸ்வேர்டுகள் எளிதில் உடைந்தது, சால்ட் (ஒவ்வொரு பாஸ்வேர்டோடும் சேர்க்கும் தனித்தனித் தற்செயல் எழுத்துகள்) சேர்க்காத ஷா-1-ஆல்தான். முதலில் வெளியே வந்தவை சுமார் 65 லட்சம் ஹாஷ்கள், 2016-இல் பார்த்தால் 11 கோடிக்கும் மேல். உனக்கு வேலை சுலபம்: பிஹெச்பி 5.5-இலிருந்தே பாஸ்வேர்ட்_ஹாஷ் என்ற ஃபங்ஷன் கூடவே வருகிறது, சால்ட்டை அதுவே போட்டுக்கொள்ளும், சரிபார்க்க பாஸ்வேர்ட்_வெரிஃபை. டேபிளில் பாஸ்வேர்டுக்கான நெடுவரிசையை (column) 255 எழுத்துக்கு வைத்துவிடு. லாகின் ஆனதும் செஷன் ஐடியை (உள்ளே வந்தவரை சர்வர் அடையாளம் வைத்துக்கொள்ளும் எண்) புதிதாக மாற்று, அதை பிரவுசரில் வைத்திருக்கும் குக்கீக்கு ஹெச்டிடிபி-ஒன்லி (பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் படிக்காமலிருக்க), செக்யூர் (ஹெச்டிடிபிஎஸ் வழியே மட்டும் போக) இரண்டும் போடு. சரி, இது ஒரு சாயங்கால வேலை.

பசங்க கோட்டை விடுவது இதற்கு அப்புறம்தான். உள்ளே வந்தவர் யார் என்று பார்ப்பது ஒன்று, அவர் எதையெல்லாம் பார்க்கலாம் என்பது வேறு. மாணவர் கணக்கில் நுழைந்து, எடுத்த புத்தகங்கள் காட்டும் பக்கத்துக்குப் போ. மேலே முகவரியில் ஐடி=102 என்று இருக்கிறதா? அதை 103 ஆக்கி என்டர் தட்டு. அடுத்த மாணவரின் பட்டியல் வந்தால் உன் லாகின் இருந்தும் பயனில்லை. இணையப் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பு 2021-இல் வெளியிட்ட பத்து ஓட்டைகளின் பட்டியலில் இந்த அனுமதிக் கோளாறுக்குத்தான் முதலிடம், லாகின் கோளாறுகளே ஏழாவதாகத்தான் வருகின்றன. மாணவர் தன் விவரத்தைப் பார்க்கும் எந்தப் பக்கமாக இருந்தாலும் அவருடைய ஐடியை முகவரியிலிருந்து எடுக்காதே, செஷனிலிருந்து எடு.

நேரம் இருந்தால் கூகுள் லாகினும் சேர். அதற்குப் பின்னால் இருக்கும் ஓஆத் என்ற முறை ஒரு செயலிக்கு அனுமதி வாங்கித் தருவது, ஆள் யார் என்று சொல்வது அதன் மேல் அமைந்த ஓபன்ஐடி கனெக்ட். இந்த வித்தியாசத்தைக் கேட்பார்கள். கூகுள் அனுப்புவதில் 'சப்' என்ற அடையாள எண்ணை வைத்துப் பயனரைப் பதிவு செய், மின்னஞ்சலை வைத்து வேண்டாம், அது நாளைக்கு மாறலாம். ஜேடபிள்யூடி (பயனர் விவரத்தைக் கையெழுத்திட்ட டோக்கனாகக் கொடுத்து அனுப்பும் முறை) போட்டால்தான் மாடர்ன் என்று சீனியர்கள் சொல்வார்கள், உன் நூலகத்துக்கு செஷனே தாராளம் என்பது என் அபிப்பிராயம்.

பணம் கட்டி சைபர் செக்யூரிட்டி கோர்ஸ் சேர்க்கலாமா என்று அப்பா கேட்டாராமே, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல். ரெஸ்யூமில் "லாகின் மாட்யூல் செய்தேன்" என்று மொட்டையாக எழுதாமல், எம்டி5-ஐ நீக்கியதையும் 102, 103 ஓட்டையை அடைத்ததையும் இரண்டே வரியில் எழுது. "லாகின் பட்டனை அழுத்தினால் என்னென்ன நடக்கும்?" என்று கேட்டால் வெள்ளைத் தாளில் படம் போட்டுச் சொல்கிற அளவுக்குப் பழகி வை, முதலில் அப்பாவிடமே சொல்லிப் பார்.