அனுமதி பெற்ற சிகிச்சைக்குக் காப்பீடு மறுக்கப்படுவது ஏன்?

கேள்வி: என் தந்தைக்கு மருத்துவர் பரிந்துரைத்த புதிய கருவி, அரசின் ஒழுங்குமுறை அமைப்பிடம் முறைப்படி அனுமதி பெற்றது. ஆனாலும் ‘போதிய மருத்துவச் சான்று இல்லை’ என்று கூறிக் காப்பீட்டு நிறுவனம் செலவை ஏற்க மறுத்துவிட்டது. அரசே அனுமதித்த பிறகு இன்னும் என்ன சான்று வேண்டும்?

பதில்: உங்கள் எரிச்சல் நியாயமானது. ஆனால் அனுமதி வழங்குபவரும் செலவை ஏற்பவரும் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. கருவி பாதுகாப்பானதா, தயாரிப்பாளர் சொல்லும் வேலையைச் செய்கிறதா என்பதே ஒழுங்குமுறை அமைப்பின் கேள்வி. அதிலும் கருவிகளுக்கான சோதனை பல நேரங்களில் மென்மையானது. அமெரிக்காவில் ‘510(கே)’ எனப்படும் வழியில், ஏற்கெனவே விற்பனையில் உள்ள ஒரு கருவியை இது பெரிதும் ஒத்திருக்கிறது என்று காட்டினாலே போதும் என்பதால், அவ்வழியில் வருபவற்றில் பெரும்பாலானவை நோயாளிகளிடம் சோதித்த தரவு ஏதுமின்றியே சந்தைக்கு வந்துவிடுகின்றன.

காப்பீட்டுத் தரப்பின் அளவுகோல் வேறு. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான புளூ கிராஸ் புளூ ஷீல்டு சங்கம் 1985-இல் தொடங்கிய சிகிச்சை மதிப்பீட்டு மையம் ஐந்து நிபந்தனைகளை வகுத்தது. அரசின் அனுமதி அவற்றில் முதலாவது மட்டுமே. நோயாளியின் உடல்நலத்தில் என்ன விளைகிறது என்று முடிவு சொல்லும் அளவுக்கு ஆய்வுகள் இருக்க வேண்டும். தீங்குகளைக் கழித்த பிறகும் நன்மை மிஞ்ச வேண்டும். வழக்கிலுள்ள சிகிச்சைக்கு அது குறைந்ததாக இருக்கக் கூடாது. அந்த நன்மை, தேர்ந்த ஆய்வு மையத்துக்கு வெளியே சாதாரண மருத்துவமனையிலும் கிடைக்க வேண்டும். என் பார்வையில் கடைசி நிபந்தனைதான் அதிகம் மறக்கப்படுவது.

மேல்முறையீடு செய்வதாக இருந்தால், எந்த நிபந்தனை நிறைவேறவில்லை என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கருவியின் சிறப்பைப் புகழும் கடிதத்தைவிட, அந்த ஒரு குறைக்கு ஆய்வுச் சான்றுடன் பதில் சொல்லும் மருத்துவரின் கடிதத்துக்கே எடை அதிகம்.

கேள்வி: ஒரு சிகிச்சைக்குப் பின் பரிசோதனை முடிவுகள் சீராகின்றன, நோயாளியும் வலி குறைந்ததாகச் சொல்கிறார். இதற்கு மேலும் ஆய்வு கேட்பது வீண் பிடிவாதம் இல்லையா?

பதில்: இல்லை. மாரடைப்புக்குப் பின் இதயத்தில் தோன்றும் ஒழுங்கற்ற துடிப்புகள் ஆபத்தின் அறிகுறி என்பதால், அவற்றை அடக்கும் மருந்துகள் ஒருகாலத்தில் தாராளமாகத் தரப்பட்டன. மருந்து கொடுத்ததும் துடிப்புப் பதிவு அழகாகச் சீரானது. பிறகு ‘காஸ்ட்’ என்ற ஆய்வில் ஏறத்தாழ 1,500 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு எங்கைனைடு அல்லது ஃபிளெகைனைடு மருந்தும் மறுபாதிக்கு மருந்தற்ற மாத்திரையும் கொடுத்தார்கள். 1991-இல் வெளியான முழு முடிவின்படி, மருந்து உண்டவர்களில் 63 பேரும் மற்றவர்களில் 26 பேரும் இறந்திருந்தனர். பதிவுத்தாள் சீரானது உண்மை; அதை நம்பி மருந்து தந்ததால் உயிர்கள் போனதும் உண்மை.

வலி குறைவதாக நோயாளி சொல்வதை நான் ஐயப்படவில்லை. எதனால் குறைந்தது என்பதுதான் கேள்வி. மூட்டுத் தேய்மானத்துக்காக முழங்காலில் நுண்துளைக் கருவி செலுத்திச் சுத்தம் செய்யும் அறுவையை, தோலில் கீறல் மட்டும் இட்ட போலி அறுவையோடு ஒப்பிட்ட ஆய்வு 2002-இல் வெளியானது. 180 பேர் பங்கேற்ற அதில், இரண்டு ஆண்டுகள் கவனித்தும் வலியிலோ நடமாட்டத்திலோ உண்மையான அறுவை எவ்வகையிலும் மேம்பட்டதாக இல்லை. இதையடுத்து 2004-இல், மூத்த குடிமக்களுக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிக்கேர், தேய்மானம் ஒன்றையே காரணமாகக் கொண்டு செய்யப்படும் அந்த அறுவைக்கான செலவை ஏற்பதை நிறுத்தியது.

கேள்வி: சான்று இல்லை என்றால் சிகிச்சை பயனற்றது என்று பொருளா?

பதில்: அன்று. ‘பயனில்லை என்று ஆய்வு காட்டியது’ என்பதும் ‘இன்னும் யாரும் சரியாக ஆராயவில்லை’ என்பதும் முற்றிலும் வேறு நிலைகள். மறுப்புக் கடிதங்கள் இவற்றைப் பிரித்துச் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் குறை.

இரண்டாம் நிலையில் ஒரு நடுவழி உண்டு. நுரையீரலின் காற்றறைகள் சிதைந்து மூச்சுத்திணறல் தரும் கடுமையான நுரையீரல் விரிவு நோய்க்கு, பழுதடைந்த நுரையீரல் பகுதியை வெட்டியெடுக்கும் அறுவை 1990-களில் வேகமாகப் பரவியபோது, மெடிக்கேர் பொதுவான செலவேற்பை நிறுத்திவிட்டு, ஆய்வில் சேர்பவர்களுக்கு மட்டும் செலவை ஏற்றது. 1,218 பேரைக் கொண்ட அந்த ஆய்வு நடந்துகொண்டிருந்த 2001-ஆம் ஆண்டிலேயே, நுரையீரல் இயக்கம் மிகவும் குன்றிய ஒரு பிரிவினரில் அறுவை செய்துகொண்டவர்களில் 16 விழுக்காட்டினர் முப்பது நாட்களுக்குள் இறந்தது தெரியவந்து, அவர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. 2003-இல் வந்த முடிவில், மொத்தமாகப் பார்த்தால் அறுவையால் ஆயுள் கூடவில்லை. ஆனால் நோய் பெரும்பாலும் நுரையீரலின் மேல்மடல்களில், அதாவது மேற்பகுதிகளில் இருந்து, உடற்பயிற்சித் திறனும் குறைந்தவர்களில் இறப்பு தெளிவாகக் குறைந்தது. யாருக்குச் செலவை ஏற்பது என்பதை மெடிக்கேர் அதன் பின்னரே வரையறுத்தது. தொடக்கத்திலேயே எல்லோருக்கும் கொடுத்திருந்தால் முதல் பிரிவினரும், எல்லோருக்கும் மறுத்திருந்தால் இரண்டாம் பிரிவினரும் இழந்திருப்பார்கள்.